மூன்று ஊருக்கு ஒரே ஃபைல்

1. பதினோராவது படி

அந்த வியாழக்கிழமை மத்தியானம் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வரும்போது, நம் ஆபீஸ் மாடிப்படியில் ஒரு சிறுமி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். ஒன்பது வயது இருக்கும். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தது. பக்கத்தில் அவள் அம்மா மஞ்சள் பையோடு நின்றிருந்தார். நம் மாடிக்கு மொத்தம் இருபத்திரண்டு படிகள். அந்தக் குழந்தை பதினோராவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். டாக்டரம்மாவை என்றார் அந்த அம்மா. டாக்டர் லால்குடி பக்கம் கேம்ப்புக்குப் போயிருந்தார்.

"அவசரம் ஒண்ணும் இல்லீங்க. சமயபுரம் போயிட்டு வரோம். பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லேன்னு ஆயிடுச்சுல்ல, அதான் வேண்டிக்கிட்டபடி முடி எறக்கிட்டு, டாக்டரம்மா கையிலயும் பிரசாதம் குடுத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

"ஒண்ணும் இல்லேன்னு யாரு சொன்னாங்க?"

அவர் சிரித்தார். "நீங்கதாங்க சொன்னீங்க. காயிதம் வந்தா வரணும், வரலேன்னா கவலைப்பட வேணாம்னு ஸ்கூல்ல படிச்சுக் காட்டினாங்க. மத்த ஊருக்கெல்லாம் வந்துச்சாம். எங்க ஊர்ல ஒருத்தருக்கும் வரல. நம்ம ஊர்ப் புள்ளைங்க எல்லாம் கெட்டின்னு வாத்தியாரே சொன்னாரு."

அவர் பெயர் செல்லம்மாள். குழந்தை வசந்தி. ஊர் திருப்பராய்த்துறை.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்காகவும்தான் இதை எழுதுகிறேன். நாம் செய்யும் வேலை உங்களுக்குத் தெரியும். கிராமப் பள்ளிகளில் நம் டாக்டர் பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார். நெஞ்சில் சந்தேகமான சத்தம் கேட்டால் அந்தப் பிள்ளையின் படிவத்தில் சிவப்பு மையில் குறி போடுகிறார். மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மெட்ராஸிலிருந்து இதய நிபுணர் வருகிறார். குறி போட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு மட்டும், அந்தச் சனிக்கிழமை அழைத்து வரச் சொல்லிக் கடிதம் போடுவோம். அப்போதைய முறை அது. "கடிதம் வராவிட்டால் கவலைப்படத் தேவையில்லை" என்று தலைமை ஆசிரியர்களுக்குப் போன சுற்றறிக்கையை ஸ்டென்சிலில் அடித்ததும் நான்தான்.

ஒரு ஊரில் ஒருவருக்குக்கூட கடிதம் போகாமல் இருக்கலாம். அப்படி நடந்ததும் உண்டு. ஆனால் படியில் உட்கார்ந்திருந்த குழந்தையின் உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது. நான் டாக்டர் இல்லை. எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், அவ்வளவுதான். இருவரையும் மேலே கூட்டி வந்து பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, செருப்பை வெளியில் விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்குள் போனேன்.

ஸ்பிரெட்ஷீட்டில் ஊருக்கு ஒரு ஃபைல் வைத்திருந்தேன். THIRUPPA என்ற ஃபைலைத் திறந்தேன். அறுபது எழுபது பெயர்கள் வந்தன. வசந்தி இல்லை. மறுபடி மேலிருந்து பார்த்தேன். அப்போதுதான் முதல் வரியில் இருந்த பள்ளியின் பெயரைப் படித்தேன். திருப்பட்டூர் என்று இருந்தது.

2. எட்டு எழுத்து

நான் எழுபதுகளின் நடுவில் இங்கே டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தவள். மேனேஜர் சந்தானம் சார் பாங்க்கில் ஆபீஸராக இருந்து ரிட்டயரானவர். அவரிடம் ஊர்ப் பெயரைச் சுருக்கி அடித்துக் கொடுத்தால் தாள் திரும்பி வந்துவிடும். பெயருக்கு முன்னால் திருவோ திருமதியோ விட்டுப்போனாலும் வரும். அந்தப் பழக்கத்தோடுதான் நான் கம்ப்யூட்டருக்கு வந்தேன். ஃபைலுக்கும் ஊரின் முழுப் பெயரை அடித்தேன். THIRUPPARAITHURAI என்று கடைசி எழுத்துவரை அடித்தேன். கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது. தப்பு என்று சொல்லவில்லை, பீப் சத்தம் எழுப்பவில்லை. முதல் எட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. பட்டியலில் பெயர்கள் பாதியில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். திரையில் இடம் போதாமல் சுருக்கிக் காட்டுகிறது, உள்ளே முழுப் பெயர் இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் கொடுத்த கம்பெனிக்காரர் வந்தபோது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வயதான டைப்பிஸ்ட் ஒன்றும் தெரியாமல் கேட்கிறாள் என்று நினைப்பாரோ என்று கூச்சம்.

வேறு ஜில்லாவாக இருந்தால் தப்பித்திருப்பேனோ என்னவோ. நம் பக்கத்தில் பாதி ஊர் திருவில் ஆரம்பிக்கிறது. அதற்கே ஐந்து எழுத்து போய்விடும். மிச்சம் மூன்று. திருவானைக்காவல் THIRUVAN ஆயிற்று, திருவெறும்பூர் THIRUVER, திருவெள்ளறை THIRUVEL. மூன்றும் எட்டாவது எழுத்தில் பிழைத்துக்கொண்டன. அதனால்தான் எட்டு மாதம் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. திருப்பராய்த்துறை, திருப்பைஞ்ஞீலி, திருப்பட்டூர் மூன்றும் எட்டாவது எழுத்தில் பிழைக்கவில்லை. மூன்றுமே THIRUPPA.

முதலில் ஏற்றியது திருப்பராய்த்துறை. அதன்மேல் திருப்பைஞ்ஞீலி உட்கார்ந்தது. அதன்மேல் திருப்பட்டூர்.

கம்ப்யூட்டர் கேட்காமல் அழிக்கவில்லை. அதே பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால், கேன்ஸலா ரிப்ளேஸா என்று கேட்கும். ஆனால் ஒரே ஊரின் பட்டியலை மூன்று நாள் உட்கார்ந்து ஏற்றும்போது, அரை மணிக்கு ஒருமுறை சேமிக்கிறோம். அப்போதெல்லாம் அதே கேள்விதான். ஒவ்வொரு தடவையும் ரிப்ளேஸ்தான் சரியான பதில். ஒரு நாளைக்கு இருபது தடவை ஆர் எழுத்தை அழுத்திப் பழகிய விரல், கேள்வியைப் படிப்பதில்லை. புது ஊரை முதல்முறையாகச் சேமிக்கும்போது அந்தக் கேள்வி வரவே கூடாது. வந்தால் அதற்குப் பெயர் எச்சரிக்கை. அது வந்தது. நான் ஆர் அழுத்தினேன்.

திருப்பைஞ்ஞீலியை ஏற்றிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் பெண் உமா அப்போது ஸ்ரீரங்கத்தில் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டதும் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போவாள். ஏதாவது என்றால் கடைக்காரர் எனக்குப் போன் செய்வார். போன் வரவில்லை என்றால் எல்லாம் சரி. அன்று ஐந்து மணிக்குப் போன் வந்தது. "சாவி இன்னும் இங்கயேதாங்க இருக்கு. பாப்பா வரல" என்றார். நான் ஒரு கையில் கைப்பையோடு நின்றபடியே ஃபைலுக்குப் பெயர் அடித்து, ஆர் அழுத்தி, மெஷினை அணைத்துவிட்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். காவிரிப் பாலம் தாண்டும்வரை மனதில் என்னென்னவோ வந்தது. உமா ஆண்டு விழாவுக்கு டிரில் பழகிவிட்டு, வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். கடைக்காரர் ஏதோ வேலையாக உள்ளே போனபோது சாவியை வாங்காமலே வந்துவிட்டாளாம்.

அந்த நாளுக்கு இப்படி ஒரு காரணம் சொல்லலாம். திருப்பட்டூரை ஏற்றிய நாளுக்கு எந்தக் காரணமும் இல்லை. நிதானமாக, காபி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து அழுத்தினேன்.

தினமும் பிளாப்பியில் காப்பி எடுத்து வைத்தேன். அதிலும் அதே பெயர் என்பதால் காப்பியும் அப்படியே போயிற்று. கடிதம் போடும்போது திரையில் தெரிந்த ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து அச்சடித்தேன். எத்தனை ஊர் பரிசோதித்தோம், எத்தனை ஃபைல் இருக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

3. ஸ்டோர் ரூம்

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"சனிக்கிழமை ஸ்பெஷலிஸ்ட் வரார்."

"ஆமா சார்."

"அப்ப யாரு தப்புங்கிறதைத் திங்கக்கிழமை பேசலாம். ஃபாரமெல்லாம் எங்க?"

அதுதான் அடுத்த பயம். கம்ப்யூட்டரில் ஏற்றிய படிவங்களை எடைக்குப் போட்டுவிடச் சொல்லி மேனேஜரே ஒரு மாதம் முன்னால் எழுதிக் கொடுத்திருந்தார். ஸ்டோரையும் ஜீப்பையும் பார்த்துக்கொண்டவர் ஜமால் பாய். அவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் மேனேஜரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார் கோவிச்சுக்கக் கூடாது. போடல. நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம்னு அப்படியே கிடக்கு."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ஜமால் பாய் என் பக்கம் திரும்பி, "சோம்பேறித்தனத்துக்கு ஒரு நாளாவது மரியாதை கெடைச்சுதே, தங்கச்சி" என்றார். நான் அழுதுவிடுவேன் என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னார்.

மூட்டைகள் ஜீப்பின் பழைய டயர்களுக்கு அடியில் கிடந்தன. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பிரித்தோம். திருப்பராய்த்துறை கட்டு கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. வசந்தியின் படிவத்தில் சிவப்புக் குறி இருந்தது. கீழே டாக்டரின் கையெழுத்தில், "அவசியம் வர வேண்டும்" என்று எழுதி இரண்டு கோடும் போட்டிருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சுக்கு வந்தேன். தானே வந்து சொல்வதாக மேனேஜர் சொன்னார். நான்தான் சொல்ல வேண்டும் என்றேன். குழந்தை அம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கடிதம் வராதது எங்கள் தவறு, மெஷினில் பெயர் அழிந்துவிட்டது, பாப்பாவைச் சனிக்கிழமை கட்டாயம் அழைத்து வர வேண்டும் என்று சொன்னேன்.

செல்லம்மாள் என் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார்.

"அன்னிக்குத் தப்பா, இன்னிக்குச் சொல்றது தப்பா?"

"அன்னிக்குத்தாங்க தப்பு."

"எங்க வீட்ல பாயசம் வெச்சோம்" என்றார். தூங்கும் குழந்தையின் தலையைத் தடவியபடி, "படி ஏறினா களைப்பா இருக்குன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தா. உனக்குத்தான் ஒண்ணும் இல்லியே, நடடீன்னு நேத்திக்குக்கூட ஒரு அறை குடுத்தேன்" என்றார்.

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மஞ்சள் பையைப் பிரித்து, கொண்டு வந்த பிரசாதத்தை எடுத்து, "வந்ததுக்கு வாங்கிக்கங்க" என்று என் கையில் வைத்துவிட்டுக் குழந்தையை எழுப்பினார். ஜமால் பாய் இருவரையும் ஜீப்பில் ஊரிலேயே கொண்டுபோய் விட்டார்.

அழிந்துபோன இரண்டு ஊரிலும் சேர்த்துப் பன்னிரண்டு குறிகள் இருந்தன. தபாலுக்கு நேரம் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஜீப்பில் நானே கடிதங்களை எடுத்துக்கொண்டு போனேன். திருப்பராய்த்துறையில் ஏழு வீடுகள், மத்தியானத்துக்குள் முடிந்தது. திருப்பைஞ்ஞீலியில் நான்கு. ஐந்தாவது வீடு பூட்டியிருந்தது. செங்கல் சூளை வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்கள், கரூர்ப் பக்கம் என்றார் ஒருவர், நாமக்கல் என்றார் இன்னொருவர். கடிதம் போட்ட சமயத்தில் இங்கேதான் இருந்தார்களா என்று கேட்டேன். பத்து நாள் முன்னால்தான் கிளம்பினார்களாம். நம் கடிதம் போயிருந்தால் அவர்கள் கையில் கிடைத்திருக்கும்.

சனிக்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். எட்டுப் பேருக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்றார் நிபுணர். இரண்டு பேருக்கு மாதாமாதம் ஊசி. வசந்திக்கு வால்வில் கோளாறு, மெட்ராஸில் ஆபரேஷன் என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் எழுதிக்கொண்டே, "அதைக் கேக்காதீங்க" என்றார்.

பன்னிரண்டாவது பையனின் பெயர் இங்கே வேண்டாம். என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சீட்டில் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். கரூர், நாமக்கல் பக்கம் இருக்கும் பள்ளிகளுக்கெல்லாம் எழுதிப் போட்டேன். ஒரு பதிலும் வரவில்லை.

4. ஏழு அடுக்கு

திங்கட்கிழமை யார் தப்பு என்று பேசவே இல்லை. மேனேஜர் ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொண்டு வந்தார். இனி ஒரு ஊரோடு இன்னொரு ஊர் இடிக்கவே கூடாது என்பது அவர் எண்ணம். ஜில்லாவுக்கு ஒரு டைரக்டரி, அதற்குள் தாலுகா, அதற்குள் யூனியன், பஞ்சாயத்து, பள்ளி, வருஷம், வகுப்பு. ஏழு அடுக்கு. "பாங்க்ல பீரோவுக்குள்ள பெட்டி, பெட்டிக்குள்ள உறைன்னு வெப்போம். எதுவும் காணாமப் போகாது" என்றார்.

நான் தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஆனால் இந்தத் தடவை ஊர்களை ஏற்றுவதற்கு முன்னால், ஏழு அடுக்குக்கு அடியில் சோதனைக்கு ஒரு வெற்று ஃபைலை வைத்துத் திறந்து பார்த்தேன். முசிறி திறந்தது. லால்குடி திறந்தது. திருப்பைஞ்ஞீலி திறக்கவில்லை. அப்படி ஒரு டைரக்டரியே இல்லை என்றது. இருக்கிறது, நான்தான் உண்டாக்கினேன்.

கூச்சத்தை விட்டுவிட்டுக் கம்பெனிக்காரருக்குப் போன் செய்து கேட்டேன். அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எட்டு எழுத்து வரம்பு என்பதுபோல, மேலிருந்து கீழே போகும் மொத்த வழிக்கும் ஒரு வரம்பு இருக்கிறதாம், அறுபது எழுத்துச் சொச்சம். பென்சிலால் ஒவ்வொரு எழுத்தாக எண்ணினேன். நடுவில் வரும் சாய்வுக் கோடுகளும் கணக்கில் சேரும். சின்னப் பெயர் ஊர்கள் வரம்புக்குள் நின்றன. மறுபடி மாட்டிக்கொண்டவை அதே பெரிய பெயர் ஊர்கள்.

மேனேஜரிடம் காட்டியபோது, அவரும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். "பீரோ பெருசா இருக்கு, கை உள்ள போகலேங்கிறீங்க."

"ஆமா சார்."

"அப்ப என்னதாம்மா பண்றது?"

பெயரே வேண்டாம் என்றேன். ஊருக்கு ஒரு எண் கொடுப்போம். எண்ணுக்கு எந்த ஊர் என்பது கட்டிய நோட்டில், கையால், முழுப் பெயரோடு, சுருக்காமல் இருக்கட்டும். டைரக்டரி இரண்டே அடுக்கு. மாதக் கடைசியில் நோட்டில் உள்ள ஊர்களையும் திரையில் உள்ள ஃபைல்களையும் இருவர் உட்கார்ந்து எண்ணிச் சரிபார்க்க வேண்டும். அவருக்கு ஊர்ப் பெயர் இல்லாத ஃபைல் பிடிக்கவே இல்லை. ஆனாலும் அந்த நோட்டின் முதல் பக்கத்தை அவரே எழுதினார். ஒவ்வொரு ஊருக்கும் முழுப் பெயர், பச்சை மையில்.

5. கடிதம்

ஆனால் எண் கொடுத்தது பாதி வேலைதான். எட்டு எழுத்தால் ஃபைல் அழிந்தது. அழிந்தது யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் எட்டு எழுத்து அல்ல. கடிதம் வராவிட்டால் நலம் என்று நாம்தான் ஊருக்குச் சொல்லியிருந்தோம். மெஷின் கெட்டாலும், தபால் தொலைந்தாலும், நான் தவறாக விரலை அழுத்தினாலும், எல்லாமே அந்த வீட்டில் நல்ல சேதியாகப் போய்ச் சேரும்படி நாமே ஏற்பாடு செய்து வைத்திருந்தோம்.

அதனால்தான் இப்போது எல்லாப் பிள்ளைகளின் வீட்டுக்கும் கடிதம் போகிறது. ஒன்றுமில்லை என்றால், ஒன்றுமில்லை என்று போகிறது. எந்தக் கடிதமும் வராவிட்டால் உடனே ஆபீஸுக்கு வந்து கேளுங்கள் என்று சுற்றறிக்கையை மாற்றி அடித்தேன். ஒட்டுவதற்கும் மடிப்பதற்கும் நேரம் ஆகிறது என்று நீங்கள் சலித்துக்கொள்வது எனக்குத் தெரியும். போன மாதம் பூவாளூரிலிருந்து ஒரு தாத்தா வந்து, பேரனுக்குக் கடிதம் வரவில்லை என்று சண்டை போட்டாரே, அவருக்கு நான் ஏன் காபி வாங்கிக் கொடுத்தேன் என்று கேட்டீர்கள். இதுதான் காரணம்.

கேன்ஸலா ரிப்ளேஸா என்று கேட்டால் கையை மடியில் வைத்துக்கொண்டு, கேள்வியை வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

வசந்திக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பொங்கலுக்குப் பிறகு செல்லம்மாள் அவளைக் கூட்டி வந்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோராவது படியில் நிற்கவில்லை. பதினேழாவதில் நின்றாள். தலைமுடி காதுவரை வளர்ந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கத் தயங்குவது தெரிகிறது. தினமும் நாலரை மணிக்கு மெடிக்கல் ஷாப்பிலிருந்து எனக்கு ஒரு போன் வருகிறதே, அது என்ன என்பதுதானே. போன் வராவிட்டால் எல்லாம் சரி என்றிருந்த ஏற்பாட்டை அந்த வாரமே வீட்டிலும் மாற்றிவிட்டேன். ஆரம்பத்தில் உமாவுக்குக் கோபம், தோழிகள் கேலி செய்கிறார்களாம். ஆபீஸ் போனில் சொந்தப் பேச்சு கூடாது என்பதில் மேனேஜர் கண்டிப்பானவர். ஆனால் இந்த ஒரு போனை, மணி அடித்ததும் அவரே எடுத்து என்னிடம் நீட்டுகிறார்.

"வந்துட்டேம்மா" என்பாள்.

சரி என்று சொல்லி வைத்துவிட்டு, அடுத்த ஊரை எடுப்பேன்.